‘நான்’ எங்கே ஒட்டியிருக்கிறது? ஆறு தாது, ஐந்து கந்தப் பயிற்சி செய்யும் முறை

ராஜகிருகத்தில் பார்க்கவன் என்ற குயவரின் பட்டறையில் ஓர் இரவு இரண்டு பேர் தங்க நேர்ந்தது. ஒருவர் புத்தர். மற்றவர் புக்குசாதி. புத்தரை ஒருமுறைகூடப் பார்க்காமல், அவர் பெயரைக் கேட்டே வீட்டைத் துறந்து வந்தவர். எதிரில் உட்கார்ந்திருப்பது யார் என்று அவருக்குத் தெரியாது. இரவில் பெரும்பகுதி இருவரும் பேசாமல் அமர்ந்திருந்தார்கள். பிறகு புத்தர் சொன்னது ஒரு கணக்கு. மனிதன் என்றால் 6 தாது (அடிப்படைக் கூறு), 6 ஊறு (புலன் தன் பொருளோடு தொடுவது), மனம் உலவும் 18 வழி, ஊன்றி நிற்க 4 நிலை. புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூல்களில் ஒன்றான மஜ்ஜிம நிகாயத்தின் 140ஆம் சூத்திரம் இது.

பேச்சு நடந்த இடத்தையும் பாருங்கள். பிசைந்த மண், அதில் சேர்ந்த நீர், சூளையின் தீ, பச்சைப் பானையை உலர்த்தும் காற்று, பானைக்குள் இருக்கும் வெற்றிடம். ஐந்து தாது அந்தப் பட்டறையிலேயே கிடந்தன. ஆறாவது அவற்றை அறிகிற அறிவு.

மனிதன் என்றால் என்ன என்ற கேள்விக்குப் பௌத்தம் தரும் விடை இந்தக் கணக்குதான். படித்துத் தலையாட்டினால் ஒரு பயனும் இல்லை. உட்கார்ந்து, சொந்த உடம்பில் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். அதற்கான முறை கீழே. ஒரு நாளைக்கு 45 நிமிடம் ஒதுக்கினால் போதும்.

யார் செய்யலாம், யார் தள்ளிப்போட வேண்டும்

இதை முதலில் படித்துவிடுங்கள். வைசாலியில் புத்தர் உடம்பின் அருவருப்பைப் பற்றிப் பிக்குகளிடம் பேசிவிட்டு, அரை மாதம் தனிமைக்குப் போனார். திரும்பி வந்தபோது சங்கம் மெலிந்திருந்தது. உடம்பின் மேல் வெறுப்பு ஏறிப் பலர் உயிரையே விட்டிருந்தார்கள். அவருடைய சீடர் ஆனந்தர் வேறு வழி கேட்க, புத்தர் மூச்சின் மேல் நினைவை நிறுத்தும் ஆனாபானசதியைச் சொல்லிக்கொடுத்தார். சங்கத்தின் நூல்கள் இந்தக் கதையை மறைக்காமல் வைத்திருப்பது பின்னால் வருகிறவர்களுக்கான எச்சரிக்கை.

ஆகவே மனச்சோர்வு, உடல் எடை குறித்த ஓயாத கவலை, சாப்பாட்டை ஒதுக்கும் பழக்கம், தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் ஆகியவற்றில் எது இருந்தாலும், உடம்பை 32 உறுப்பாகப் பிரித்துப் பார்க்கும் பகுதியைத் தொடவே வேண்டாம். மூச்சும் மைத்திரியும் (எல்லா உயிருக்கும் நலம் நினைக்கும் பயிற்சி) போதும், மருத்துவரையும் பாருங்கள். 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து எழுதிய உரையாசிரியர் புத்தகோசரும் ஆளுக்கேற்ற பயிற்சியைத்தான் வகுக்கிறார். ஆசை மிகுந்தவருக்கு 32 உறுப்பு, சினம் மிகுந்தவருக்கு மைத்திரி, மனம் அலைபாய்கிறவருக்கு மூச்சு, எதையும் ஆராய்கிற புத்திக்கு நான்கு தாது. சிடுசிடுப்பான ஆள் அருவருப்புப் பயிற்சியில் இறங்கினால் அவருடைய சிடுசிடுப்புக்கு அது இன்னொரு காரணம் ஆகிவிடும்.

மனப்பாடம்

உடம்பில் பார்க்க வேண்டியவை நிலத்துக்கு 20, நீருக்கு 12, தீக்கு 4, காற்றுக்கு 6, ஆக 42. முதல் இரண்டும் சேர்ந்ததுதான் 32 உறுப்பு. மரபில் ஆறு கொத்தாக ஓதுவார்கள்:

1. தலைமுடி, உடல் மயிர், நகம், பல், தோல்
2. சதை, தசைநார், எலும்பு, எலும்பு மஜ்ஜை, சிறுநீரகம்
3. இதயம், கல்லீரல், உறுப்புகளை மூடும் சவ்வு, மண்ணீரல், நுரையீரல்
4. குடல், குடலைக் கட்டி நிறுத்தும் சவ்வு, வயிற்றில் உள்ள உணவு, மலம், மூளை
5. பித்தம், கோழை, சீழ், இரத்தம், வியர்வை, கொழுப்பு
6. கண்ணீர், தோலின் எண்ணெய்ப்பசை, எச்சில், மூக்குச்சளி, மூட்டு நீர், சிறுநீர்

சூத்திரங்களில் 31தான் வரும். மூளை பிற்பாடு சேர்ந்தது. முதல் கொத்தைப் பாலியில் ‘கேசா, லோமா, நகா, தந்தா, தசோ’ என்று சொல்வார்கள். தேரவாதத்தில் தலை மழிக்கப்பட்டுத் துறவு ஏற்கும் சிறுவனுக்குத் தரும் முதல் தியானப் பாடம் இந்த ஐந்துதான். ஒரு மனிதனைப் பார்க்கும்போது வெளியே தெரிவதும் இவை மட்டுமே. அழகு, வயது, சாதி, பணம் என்று நாம் ஆளை எடைபோடுவது எல்லாம் இந்த ஐந்தை வைத்துத்தான்.

உரைநூல் சொல்லும் ஓதும் முறை நிதானமானது. ஒரு கொத்தை 5 நாள் நேராக, 5 நாள் தலைகீழாக, 5 நாள் நேரும் தலைகீழும் சேர்த்து ஓத வேண்டும். அதன்பின் அடுத்த கொத்துக்கு 15 நாள். பிறகு இரண்டையும் சேர்த்து 15 நாள். இப்படியே போனால் தனிக்கொத்துகள் ஆறு, சேர்ப்புகள் ஐந்து, ஆக 165 நாள். வீட்டில் இருப்பவர்கள் அவ்வளவு காலம் எடுக்காவிட்டாலும் தலைகீழ் ஓதலை விட்டுவிடாதீர்கள். நேராக மட்டும் ஓதினால் பத்தே நாளில் வாய் தானாக ஓடும், மனம் கடைத்தெருவில் இருக்கும். ‘தோல், பல், நகம், மயிர், தலைமுடி’ என்று பின்னோக்கி வரும்போது ஒவ்வொரு சொல்லிலும் மனம் நின்றே ஆக வேண்டும்.

முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள். சரளமானதும் மனதுக்குள். பிறகு ஒவ்வோர் உறுப்புக்கும் நிறம், வடிவம், தொப்புளுக்கு மேலா கீழா, எந்த இடம், எதை ஒட்டி முடிகிறது என்று பாருங்கள். சதிபட்டான சூத்திரத்தில் இதற்கு ஓர் உவமை உண்டு. இருபுறமும் வாய் உள்ள ஒரு பை, உள்ளே பலவகைத் தானியம். கண் நன்றாகத் தெரிகிற ஒருவர் அவிழ்த்துப் பார்த்து இது நெல், இது பயறு, இது எள் என்று பிரிக்கிறார். பயற்றைக் கண்டு அவர் முகம் சுளிப்பதில்லை, எள்ளைக் கண்டு மயங்குவதுமில்லை. பயிற்சியில் உங்கள் முகமும் அப்படி இருக்க வேண்டும். குமட்டல் வந்தால் பட்டியலை நிறுத்திவிட்டு மைத்திரிக்குத் திரும்புங்கள்.

உட்காரும் 45 நிமிடம்

சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். தரையில் உட்கார முடியாதவர்கள் கை இல்லாத நாற்காலியில், முதுகைச் சாய்க்காமல் உட்காரலாம். முதல் 5 நிமிடம் மைத்திரி: ‘நான் பகையின்றி, துன்பமின்றி இருப்பேனாக, எல்லா உயிரும் அப்படியே இருக்கட்டும்.’ அடுத்த 5 நிமிடம் மூச்சு. அதன்பின் நிலம் 8, நீர் 6, தீ 5, காற்று 6, வெளி 3, அறிவு 7 நிமிடம். புதிதாகத் தொடங்குகிறவர் முதல் வாரம் முழுக்க நிலத்தோடு நின்றுகொள்வது நல்லது.

நிலம். பல்லில் தொடங்குங்கள். மேல்வரிசைப் பற்களின் உட்பக்கம் நாக்கை ஓட்டினால் கடினம் தெரியும். கடைவாய்ப் பல்லின் மேல்முகத்தில் சொரசொரப்பு, முன்பல்லின் வெளிமுகத்தில் வழுவழுப்பு, உதட்டின் உட்புறத்தில் மென்மை. மடியில் ஒரு கைமேல் இன்னொன்றை வைத்தால் கனம். ஒரு விரலை மட்டும் அசைத்தால் இலேசு. இந்த ஆறும் நிலத்தின் இயல்புகள். மியன்மாரின் பா-அவுக் மரபு நான்கு தாதுவையும் இப்படி 12 இயல்புகளாகப் பிரித்துப் பழக்குகிறது.

இங்கே ஒரு படிவரிசை உண்டு. இந்தப் பயிற்சி நிற்பதே இதன்மேல்தான். முதலில் ‘என் பல் கடினமாக இருக்கிறது’ என்று தோன்றும். அதில் ‘என்’னை விடுங்கள்: ‘பல், கடினம்’. பிறகு பல்லையும் விடுங்கள்: ‘கடினம்’. தரையில் அழுந்தும் எலும்பிலும் அதே ‘கடினம்’. தரையிலும் அதே. மூன்றாவது படிக்கு வந்தபின் தரை எங்கே முடிகிறது, ‘நான்’ எங்கே தொடங்குகிறது என்று தேடிப் பாருங்கள். தொடுகிற இடத்தில் கடினமும் அழுத்தமும் வெப்பமும் மட்டும் இருக்கும். எல்லைக்கோடு கிடைக்காது.

நீர். இதில்தான் பலரும் தவறுகிறார்கள். டம்ளர் தண்ணீரில் விரலை விட்டுச் சில்லிப்பை உணர்ந்து ‘இது நீர்த் தாது’ என்கிறார்கள். பௌத்தத்தின் தத்துவப் பகுப்பான அபிதம்மத்தின் கணக்கில் சில்லிப்பு தீயைச் சேர்ந்தது. விரல் இறங்கும் மென்மை நிலம், சுற்றி அழுத்துவது காற்று. தொட்டு அறியக்கூடிய தாது இந்த மூன்றுதான். நீரின் இயல்பு ஒழுகலும் சேர்த்துப் பிடித்தலும். அதை மனம்தான் அறியும்.

புட்டுக்கு மாவு விரவும்போது பாருங்கள். உலர்ந்த மாவு கையில் நிற்காது. நீர் தெளித்துப் பிசிறினால் பிடித்த பிடியில் நிற்கும், உதிர்த்தால் உதிரும். அந்தப் பிடிமானம்தான் நீர். உடம்பில் அதைக் காண, எச்சில் ஊறி வழிவதைக் கவனிப்பதில் தொடங்கி, முஷ்டியை மெல்ல இறுக்கி, சதையும் தோலும் சிதறாமல் ஒன்றாக நிற்பதைப் பாருங்கள். மற்றவற்றைவிட இது பிடிபட நாளாகும். நிலமும் தீயும் காற்றும் தெளிந்தபின் தானாகத் தெரியும். அதற்குள் கற்பனையாக ஈரத்தை வரவழைக்காதீர்கள்.

தீ. மூச்சு உள்ளே போகையில் மூக்கு நுனியில் குளிர்ச்சி, வெளியே வருகையில் வெதுவெதுப்பு. இரண்டுமே தீயின் அளவுகள். அக்குள், உள்ளங்கை, கண் இமைக்குள் என்று தேடிப் போங்கள். சூத்திரம் நான்கு வகை சொல்கிறது: உடம்பைச் சூடாக வைப்பது, மூப்படையச் செய்வது, காய்ச்சலில் எரிப்பது, உண்டதைச் செரிப்பது. நரையை நெருப்பின் வேலையாகப் பார்க்கிற அந்த இரண்டாவது வகையில் கொஞ்சம் நில்லுங்கள். எந்த நாளும் அணையாமல் மெல்ல வேகவைக்கிற அடுப்பு அது.

காற்று. மேலேறுவது (ஏப்பம், விக்கல்), கீழிறங்குவது, வயிற்றில் உள்ளது, குடலில் உள்ளது, கைகால்களில் ஓடுவது, மூச்சு என ஆறு. இயல்பு இரண்டு: தள்ளல், தாங்கல். தள்ளலை மூச்சில் வயிறு எழும்புவதிலும் மணிக்கட்டு நாடியிலும் காணலாம். தாங்கலுக்கு முதுகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். உடம்பு முன்னால் சாயும். நிமிருங்கள். நிமிர்ந்த உடம்பைச் சாயாமல் நிறுத்துகிற அந்த விறைப்புதான் தாங்கல்.

வெளி. காதுத் துளை, நாசித் துளை, வாய், விழுங்கியது இறங்கும் வழி, அது தங்கும் இடம், அது வெளியேறும் வழி. புத்தரின் தலைமைச் சீடர் சாரிபுத்தர் இதை ஒரு வீட்டோடு ஒப்பிட்டார். மரம், கொடி, புல், களிமண் ஆகியவை ஒரு வெற்றிடத்தைச் சூழ்ந்தால் ‘வீடு’ என்கிறோம். எலும்பு, நரம்பு, சதை, தோல் சூழ்ந்தால் ‘உரு’ என்கிறோம்.

அறிவு. ஐந்தையும் பார்த்து முடித்தபின் எஞ்சுவது அறிதல். எதை அறிகிறது? இன்பம், துன்பம், இரண்டும் இல்லாதது. புக்குசாதிக்குப் புத்தர் சொன்ன உவமை தீக்கடைக்கோல். இரண்டு கட்டைகள் உரசினால் சூடு பிறக்கும். பிரித்து வைத்தால் அந்தச் சூடு அடங்கும். ஊறு இருக்கும்வரை நுகர்ச்சி, ஊறு போனால் நுகர்ச்சியும் போகும். இந்த 7 நிமிடமும் வேறொன்றும் செய்ய வேண்டாம். காலில் ஒரு வலி வந்தால், அது எந்த அழுத்தத்தைச் சார்ந்து வந்தது, காலை நகர்த்தியதும் எங்கே போயிற்று என்று மட்டும் பாருங்கள்.

உள்ளே, வெளியே

‘உள்ளே உள்ள நிலமும் வெளியே உள்ள நிலமும் நிலமே’ என்பது சூத்திரத்தின் வாக்கு. சாப்பாட்டு நேரத்தில் இதைச் சோதிக்கலாம். தட்டில் உள்ள சோறு வெளி நிலம். மென்றபோது? விழுங்கியபோது? எந்தக் கவளத்தில் அது ‘நான்’ ஆனது என்று தேடுங்கள். எதிர்த்திசையில் தலைமுடி இருக்கிறது. காலையில் எண்ணெய் தடவி, கண்ணாடி பார்த்து வாரிய அதே முடி மதியம் சோற்றில் ஒன்று கிடந்தால் தட்டைத் தள்ளிவிடுகிறோம். புத்தகோசரும் இதே உதாரணத்தைத்தான் எழுதியிருக்கிறார். முடியில் ஒரு மாற்றமும் இல்லை. ‘என்னுடையது’ என்ற ஒட்டு மட்டும் கழன்றிருக்கிறது. நகம் வெட்டும்போது, எச்சில் துப்பும்போது அந்த ஒட்டு எந்தக் கணத்தில் கழல்கிறது என்று பார்க்கப் பழகுங்கள்.

ஐந்து கந்தம்: சொற்களில் உள்ள பொறி

தாதுப் பயிற்சி இரண்டு மாதம் நிலைத்தபின் கந்தத்துக்கு, அதாவது ‘நான்’ என்று நாம் கொள்ளும் ஐந்து தொகுதிகளுக்கு, வரலாம். தமிழில் படிக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பாலிச் சொற்களை அப்படியே எடுத்தால் இன்றைய தமிழ் நம்மைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகும். ‘வேதனை’ என்றால் நமக்கு வலி. பாலியில் இன்பமும் அதில் அடங்கும். ‘விஞ்ஞானம்’ நமக்கு அறிவியல். மணிமேகலை இதற்கெல்லாம் நல்ல சொல் வைத்திருக்கிறது: உரு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு. இதில் பாவனையில் மட்டும் கவனம் வேண்டும். இன்று அது நடிப்பு. இலங்கைத் தமிழில் பயன்பாடு. இங்கே அது மனம் ஒன்றை நோக்கி உந்துவது, செய்யத் துணிவது. குறிப்போ மிகப் பொருத்தமான சொல். தச்சர் மரத்தில் அடையாளக் கோடு போடுவதுபோல, மறுபடி கண்டால் தெரிந்துகொள்ள மனம் போடும் அடையாளம் என்றுதான் உரைநூலும் விளக்குகிறது.

பயிற்சிக்குக் கொசுக்கடி போதும். கடித்த இடத்தில் சுரீரென்ற சூடும் தடிப்பும் உரு. ‘பிடிக்கவில்லை’ என்ற சுவை நுகர்ச்சி. ‘கொசு’ என்பது குறிப்பு. அடிக்கக் கை எழுவதற்கு முன்னால் வரும் உந்துதல் பாவனை. இவை தெரிகிற தெரிதல் அறிவு. கொசுவை அடிக்காமல் அரை நிமிடம் இருந்தால் ஐந்தும் தனித்தனியே தெரியும். பாவனையைப் பிடிப்பது கடினம். கை எழுந்தபின்தான் பெரும்பாலும் தெரியவரும். தொடக்கத்தில் அப்படித்தான் இருக்கும்.

அடுத்து, ஒரு குறுஞ்செய்தியை எடுங்கள். நீங்கள் அனுப்பியதை அவர் பார்த்துவிட்டார், இரண்டு மணி நேரமாகப் பதில் இல்லை. நோட்டில் ஐந்து கட்டம் போட்டு எழுதுங்கள். உரு: திரையின் ஒளி, இரண்டு நீலக் குறி. நுகர்ச்சி: கசப்பு. குறிப்பு: ‘அலட்சியம்’. பாவனை: கோபமாக ஒன்று அனுப்ப விரல் துடிப்பது. அறிவு: கண்ணறிவு, பிறகு மன அறிவு. எழுதிப் பார்த்தால் கசப்பு எங்கிருந்து வந்தது என்று புரியும். நீலக் குறியில் கசப்பு இல்லை. ‘அலட்சியம்’ என்ற அடையாளக் கோட்டுக்குப் பிறகே அது ஏறியது. ஒரு நாளைக்கு ஒன்று, அதுவும் சிறிய விஷயம் மட்டும். இழவு, பிரிவு போன்ற பெரிய காயங்களைக் கட்டம் போட்டு அறுக்காதீர்கள்.

ஐந்துக்கும் சங்யுத்த நிகாயத்தில் ஐந்து உவமை உண்டு: கங்கையில் மிதக்கும் நுரை உரு, மழைத்துளியில் எழும் குமிழி நுகர்ச்சி, கானல் குறிப்பு, வாழை பாவனை, மாயவித்தை அறிவு. மரத்தின் வைரத்தை (உறுதியான நடுக்கட்டையை) தேடி ஒருவர் வாழையை வெட்டி மட்டை மட்டையாக உரிக்கிறார். உள்ளே மென்மரம்கூட இல்லை. வாழைத்தண்டுப் பொரியல் சாப்பிடுகிற நமக்கு இங்கே ஒரு சந்தேகம் வரும்: உள்ளே தண்டு இருக்கிறதே? சூத்திரம் அதற்கும் இடம் விடவில்லை. குருத்துத்தண்டு ஓடாத இளம் வாழை என்றே சொல்கிறது. நாம் சமைப்பது பூவைத் தாங்கி மேலே எழும் தண்டு. அது எழுவதற்கு முன் வாழையை உரித்தால் மட்டைக்குள் மட்டை, கடைசியில் கை வெறுமை. கிடைத்தால் அப்படி ஒரு கன்றை உரித்துப் பாருங்கள்.

கேட்க வேண்டிய மூன்று கேள்வி

இசிபதனத்தில் (இன்றைய சாரநாத்) தம் முதல் சீடர்களான ஐந்து துறவிகளிடம் புத்தர் கேட்ட வரிசை இது. பிரித்த ஒவ்வொரு கந்தத்தையும் இதில் வைத்துக் கேளுங்கள். இது நிலையானதா? நிலையற்றது இன்பமா, துன்பமா? நிலையற்றதும் துன்பமும் மாறுவதுமான ஒன்றை ‘இது என்னுடையது, இது நான், இது என் ஆன்மா’ என்று கொள்வது தகுமா? கடைசி மூன்று தொடரும் ஒரே பொருள் அல்ல. ‘என்னுடையது’ என்பது வேட்கையின் பிடி, ‘நான்’ என்பது செருக்கின் பிடி, ‘என் ஆன்மா’ என்பது கொள்கையின் பிடி. ஒருவருக்கு எது ஓங்கியிருக்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். நரைமுடியைக் கண்டு வருந்துகிறவரிடம் முதலாவது. வாதத்தில் தோற்றால் இரவெல்லாம் தூங்காதவரிடம் இரண்டாவது. உங்களுடையது எது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

அதிகம் வழுக்கும் இரண்டு இடம்

முதலாவது, சாட்சி. வேதாந்தமும் சைவ சித்தாந்தமும் காதில் விழுந்து வளர்ந்தவர்கள் தமிழில் அதிகம். எல்லாவற்றையும் பிரித்து ஒதுக்கிவிட்டு, ‘இவை எதுவும் நான் அல்ல, பார்த்துக்கொண்டிருக்கும் அறிவே நான்’ என்று அங்கே உட்கார்ந்துவிடுவார்கள். பௌத்தம் இங்கே பிரிகிறது. மீனவர் மகனாகப் பிறந்த, ‘சாதி’ என்ற பெயருடைய ஒரு பிக்கு, இதே அறிவுதான் பிறவிதோறும் போகிறது என்று சொல்லிப் புத்தரின் கண்டிப்பைப் பெற்றார். விறகில் எரிவது விறகுத் தீ, வறட்டியில் எரிவது வறட்டித் தீ, உமியில் எரிவது உமித் தீ. அதேபோல் கண்ணைச் சார்ந்து எழுவது கண்ணறிவு, காதைச் சார்ந்து எழுவது காதறிவு. எரிபொருள் இல்லாமல் தனியே நிற்கும் தீ இல்லை. சாட்சியில் உட்கார்ந்துவிட்டோம் என்று தெரிந்தால் ஒரு மணியை அடித்து அதன் ஓசையைக் கேளுங்கள். ஓசை தேய்ந்து மறையும்போது, அந்த ஓசையை அறிந்த அறிவு எங்கே போனது?

இரண்டாவது, ‘நான் இல்லை’ என்ற கோஷம். ஆன்மா உண்டா என்று வச்சகோத்தர் என்ற நாடோடித் துறவி கேட்டபோது புத்தர் பேசவில்லை. இல்லையா என்று கேட்டபோதும் பேசவில்லை. நானே இல்லை என்றால் கடன், வாக்கு, பொறுப்பு எதுவும் இல்லை என்று போவது கந்தங்களைப் பார்த்தவர் பேச்சல்ல. செய்கையும் அதன் பயனும் தொடர்கின்றன. அதனால்தான் ஐந்து சீலம் (ஒழுக்க விதிகள்) இந்தப் பயிற்சிக்கு அடித்தளம். சீலம் தளர்ந்த வாரத்தில் உட்கார்ந்தால் 45 நிமிடமும் சமாதானம் சொல்லிக்கொள்வதிலேயே போகும்.

மற்ற சிக்கல்கள் சிறியவை. தலைப்பகுதியிலேயே நிலத்தைத் தேடினால் தலைவலி வரும்; கவனத்தைக் கால் வரை இறக்குங்கள். கடினம் மட்டுமே பெருகி உடம்பு கல்லாகத் தோன்றினால் மென்மைக்கும் இலேசுக்கும் மாறுங்கள். தூக்கம் வந்தால் கண்ணைத் திறந்து ஒளியைப் பார்த்து, கொத்தை வாய்விட்டு ஓதுங்கள். உடம்பின் வடிவமே மறைந்து பயம் எழுந்தால் கண் திறந்து, தரையைத் தொட்டு, எழுந்து நடங்கள். அந்த அந்நிய உணர்வு உட்காராத நேரத்திலும் தொடர்ந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடமும் அனுபவமுள்ள ஆசிரியரிடமும் பேசுங்கள்.

பதினெட்டு

மூன்றாம் மாதம் முதல் இரவில் 10 நிமிடம் இதற்குப் போதும். கண், காது, மூக்கு, நாக்கு, உடல், மனம் என்று ஆறு வாயில். ஒவ்வொன்றின் வழியாகவும் மனம் மகிழ்ச்சியைச் சுற்றும், வருத்தத்தைச் சுற்றும், இரண்டும் இல்லாததைச் சுற்றும். ஆறு மூன்று பதினெட்டு. அன்றைய நாளில் எந்தக் கட்டம் நிரம்பியது என்று கோடு போட்டுக்கொண்டு வாருங்கள். முதல் வாரம் ‘இரண்டும் இல்லாதது’ கட்டங்கள் காலியாக இருக்கும். அவை நடக்கவில்லை என்று பொருளில்லை, கவனத்தில் படவில்லை. ஒரே நாளில் பதினெட்டும் கலந்து வருவதுதான் மனிதப் பிறவி. அங்குத்தர நிகாயத்தில், ஜம்புத்தீவு (நாம் வாழும் நாவலந்தீவு) மனிதர்கள் தேவர்களையும் மிஞ்சுவதாக மூன்று சொல்லப்படுகின்றன: துணிவு, நினைவின் உறுதி, இங்கே மட்டும் வாய்க்கும் துறவு வாழ்க்கை.

சரியாகப் போகிறதா என்று பார்க்க

உட்காரும்போது வரும் ஒளி, சிலிர்ப்பு, அமைதி எதையும் அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். சாரிபுத்தர் கொடுத்த சோதனை எளிது: யாராவது திட்டட்டும். அப்போது இந்த வரிசை நினைவுக்கு வருகிறதா என்று பாருங்கள். ‘காதின் ஊற்றால் (ஊறு என்னும் தொடுகையால்) பிறந்த ஒரு துன்ப நுகர்ச்சி எழுந்திருக்கிறது. அது சார்ந்து எழுந்தது. எதைச் சார்ந்து? ஊற்றை.’ பிறகு அந்த ஊறு நிலையற்றது, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு எல்லாம் நிலையற்றவை என்று அவர் வரிசையாகப் போகிறார். முதல் மாதங்களில் இது மறுநாள் காலை நினைவுக்கு வரும். பிறகு சண்டை முடிந்து கதவைச் சாத்தும்போது வரும். நோட்டில் தேதி போட்டு, திட்டு விழுந்ததற்கும் வரிசை நினைவு வந்ததற்கும் இடையில் எவ்வளவு நேரம் ஆனது என்று மட்டும் எழுதி வையுங்கள்.